யார் பக்கத்துக் கம்பி

அப்பா போனபோது எங்களுக்கு விட்டுப்போனது ஒரு வீடு, ஒரு பிக்கப் வண்டி, ஒரு டிவி. மூன்று பிள்ளைகள், மூன்று பொருள். வேறு குடும்பமாக இருந்தால் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு டீ குடித்துவிட்டுக் கலைந்திருப்பார்கள். நாங்கள் ஒவ்வொரு பொருளையும் மூன்றாகப் பிரித்தோம்.

பிரித்துக் கொடுத்தது தாய்மாமா. நிலம் அளக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், அளக்க எதுவும் கிடைக்காமல் கை பரபரத்துக் கிடந்தவர். நூலும் சாக்பீஸும் கொண்டுவந்து வீட்டுக்கு நடுவே கோடு போட்டார். இந்தப் பக்கம் அண்ணனுக்கு, அந்தப் பக்கம் தம்பிக்கு, நடுவில் இருக்கும் நடை நடுப்பெண்ணான எனக்கு. டிவி தம்பிக்கு, ரிமோட் அண்ணனுக்கு, டிவி வைத்திருந்த மேஜை எனக்கு. அதே நூலைக் கொண்டுபோய் வண்டியின் மேலும் பிடித்தார். பானெட்டிலிருந்து பின் கதவு வரை மஞ்சள் பெயிண்டில் ஒரே கோடு. ஸ்டியரிங் இருக்கும் பாதி அண்ணனுக்கு. டீசல் மூடி இருக்கும் பாதி தம்பிக்கு. நடுவில் இருக்கும் கியரும் ஹேண்ட்பிரேக்கும் எனக்கு. பிற்பாடு சண்டை வரக்கூடாது என்று ஒரு விதியும் சொன்னார்: எது எந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அது அந்தப் பக்கத்துக்குச் சொந்தம்.

ஆக, வண்டி நகர வேண்டுமென்றால் மூன்று பேரும் ஏற வேண்டும். தம்பி மூடியைத் திறந்து டீசல் போடுவான். அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்துக் கிளச்சை மிதித்து "ரெண்டு" என்பார். நடுவில் உட்கார்ந்திருக்கும் நான் ரெண்டாவது கியர் போடுவேன். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர்கள் எங்களைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இதையெல்லாம்கூட சகித்துக்கொள்ளலாம். ஆனால் குளியலறைக் கதவு எந்தப் பக்கமாகத் திறக்க வேண்டும் என்று இரண்டு பேரும் ஆரம்பித்த வாக்குவாதத்தில் பேச்சுவார்த்தையே நின்றுபோனது. அதற்கப்புறம் எல்லாம் என் வழியாகத்தான். "உன் தம்பிகிட்ட சொல்லு, குழாய் ஒழுகுது." "உன் அண்ணன்கிட்ட சொல்லு, எனக்குத் தெரியும்னு." தம்பி பிளம்பர், அண்ணன் கிரில் கேட் வெல்டர். எனக்கு வேலை ஃபிரிட்ஜ் கம்பெனியில், போனில் புகார் கேட்பது. பகல் முழுக்க ஊர்க்காரர்கள் வீட்டு ஃபிரிட்ஜ் என் காதுக்குள் உறுமும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் இந்த இரண்டு பேர். ஒருவர் மூச்சு இடது கன்னத்தில், இன்னொருவர் மூச்சு வலது கன்னத்தில். நான் தபால்பெட்டி மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

அப்போதுதான் மலை உச்சியில் வானிலை நிலையத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. காற்று, மழை, வெயில் மூன்றையும் அளந்து வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டும். குடியிருக்க ஒரு வீடு உண்டு, கூட யாரும் கிடையாது. அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. யாரிடமும் மூச்சுவிடாமல் விண்ணப்பித்தேன், வேலையும் கிடைத்தது. திங்கட்கிழமை காலையில் தட்டுமுட்டுச் சாமானோடு போய்ப் பொறுப்பேற்க வேண்டும். தவறினால் வரிசையில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும்.

வீட்டில் சொன்னேன். அண்ணன், "உன் தம்பி என்ன சொல்றான்?" என்றார். தம்பி, "உன் அண்ணன் என்ன சொல்றாரு?" என்றான். நான் இரண்டு பேரையும் ஒரு முறை முறைத்துவிட்டு அட்டைப்பெட்டி தேடப் போனேன்.

மலைக்குப் போகிற வழி வழியே அல்ல. பாதி தூரம் தார் ரோடு, அப்புறம் கொஞ்சம் மண், அதற்கப்புறம் வறண்ட ஓடை. ஓடை முழுக்க பீரோ அளவுக்குப் பாறைகள். வாடகை வண்டிக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு ஒரு கும்பிடு போட்டுத் திரும்பிவிட்டார்கள். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி எங்களுடையது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு வெள்ளோட்டம் போனோம். ஒரு முன்சக்கரம் பாறையில் ஏறியதும் மறு முன்சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. வண்டி, விளக்குக் கம்பத்தைப் பார்த்த நாய் மாதிரி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. அண்ணன் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க, தூக்கிய சக்கரம் காற்றில் சுற்றியதே தவிர வண்டி ஓர் அடி நகரவில்லை. கடைசியில் பின்னாலேயே வழுக்கி இறங்கினோம்.

மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணில் அந்த மஞ்சள் கோடு பட்டதையும் அவர் காட்டிக்கொள்ளவில்லை. நல்ல மனுஷன், அப்போது.

"முன்னாடி ஸ்வே பார் இருக்கும்மா," என்றார். "இந்தச் சக்கரத்துக்கும் அந்தச் சக்கரத்துக்கும் நடுவுல ஒரு முறுக்குக் கம்பி. ரோட்ல வளைவுல திரும்பும்போது வண்டி சாயாம அது இழுத்துப் பிடிக்கும். பாறையில அதே வினையாயிடும். ஒரு சக்கரம் ஏறினா மத்ததையும் சேர்த்துத் தூக்கிடும். கழட்டிட்டோம்னா ஒவ்வொரு சக்கரமும் அது அது பள்ளத்த அதுவே பார்த்துக்கும்."

"கழட்ட எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு டீ குடிக்கிற நேரம். இந்தப் பக்கம் ஒரு நட்டு, அந்தப் பக்கம் ஒரு நட்டு, சட்டத்துல ரெண்டு கிளாம்ப். ஆனா இறங்கி ரோட்டுக்கு வந்ததும் பார்த்து ஓட்டணும். வளைவுல வண்டி அப்படியே படுக்கப் பார்க்கும்."

எனக்கு உயிர் வந்தது. மெக்கானிக் ஸ்பானரை எடுத்துக்கொண்டு அண்ணன் பக்கத்துச் சக்கரத்துக்கு அடியில் கையை விட்டார்.

"ஒரு நிமிஷம்," என்றார் அண்ணன். "பாப்பா, என் பக்கம் நட்ட முதல்ல கழட்டினா கம்பி எங்க ஒட்டிக்கிட்டு இருக்கும்?"

நாற்பதைத் தொடப்போகும் என்னை அவர் பாப்பா என்று கூப்பிட்டால் ஏதோ வில்லங்கம் என்று அர்த்தம்.

"உன் தம்பி பக்கம் ஒட்டிக்கிட்டு இருக்கும். அப்போ கம்பி அவனுக்குச் சொந்தமாயிடும். அவன் பக்கத்த முதல்ல கழட்டச் சொல்லு."

"உன் அண்ணன்கிட்ட சொல்லு," என்றான் தம்பி, "நான் காதுல பூ வச்சுக்கிட்டு வரலன்னு."

மாமாவுக்குப் போன் போட்டேன். அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். ரொம்ப நாள் கழித்து ஒரு வழக்கு வந்திருக்கிறது அல்லவா. "ரெண்டு பக்கமும் ஒட்டியிருக்கிற வரைக்கும் ரெண்டு பேருக்கும் பொது," என்றார். "ஒரு பக்கம் விட்டுப்போச்சுனா, விட்டவனுக்கு இல்ல." ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில் விட்டால் என்று கேட்டேன். "அப்படிக் கேளு! அப்போ அது கோட்டு மேல விழும். உனக்குச் சொந்தம்."

எனக்கு எதற்கு அந்தக் கம்பி? ஆனால் அதுதான் ஒரே வழி. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஸ்பானரோடு, ஒரே நேரத்தில், தங்கள் தங்கள் நட்டைத் திருப்புவது என்று பேசி முடித்தோம். பேசி முடித்தேன் என்று சொல்ல வேண்டும். அவர்கள் தலையை ஆட்டியதோடு சரி.

ஞாயிறன்று ஒர்க்‌ஷாப்பில் வேறு வண்டி இல்லை. தரையெல்லாம் ஆயில் கறை, சுவரில் அளவுவாரியாக ஸ்பானர்கள், மூலையில் பாட்டு முனகும் ரேடியோ. அண்ணன் இந்தப் பக்கம் படுத்தார். தம்பி அந்தப் பக்கம் படுத்தான். நான் நடுவில் குந்தி உட்கார்ந்து எண்ணினேன். "ஒண்ணு, ரெண்டு, மூணு!"

இரண்டு பேரும் முக்கினார்கள். முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. நட்டு அசையவில்லை. மறுபடி எண்ணினேன், மறுபடி முக்கினார்கள். அண்ணன் முக்கியதில் ஒரு ராகமே இருந்தது. கை மட்டும் ஸ்பானரைத் தொட்டுக்கொண்டு சும்மா இருந்தது. தம்பியின் கையும் அப்படித்தான். இரண்டு பேரும் முக்குகிறார்கள், யாரும் திருப்பவில்லை.

மெக்கானிக் அதுவரை பொறுமையாகத்தான் இருந்தார். "நகருங்கய்யா," என்று சொல்லிவிட்டு அடியில் புகுந்தார். டார்ச் வெளிச்சம் இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது. வெளியே வந்து என்னை மட்டும் பார்த்துப் பேசினார்.

"இந்தப் பக்கம் நட்ட வெல்டிங் வச்சு ஒட்டியிருக்கு. சும்மா சொல்லக்கூடாது, நல்ல வேலை. அந்தப் பக்கம் நட்டு மேல பைப் ஜாயின்ட்டுக்கு அடிக்கிற பசை. அதுவும் ரெண்டு கோட்டிங். ரெண்டும் நேத்து வச்ச புது வேலை."

நான் இரண்டு பேரையும் பார்த்தேன். அண்ணன் ரேடியோவைப் பார்த்தார். தம்பி படுத்த இடத்திலிருந்தே வண்டியின் அடிப்பாகத்தைப் பார்த்தான்.

எனக்கு வந்த கோபத்தில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். இங்கே எழுத முடியாது. ஃபிரிட்ஜ்காரர்கள் எனக்குச் சொன்னதில் பாதியை அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஒரு இரும்புக் கம்பிக்கு இப்படியா? கம்பி வேணும்னா வாயத் திறந்து கேட்டுத் தொலைய வேண்டியதுதானே? நாளைக்குக் காலையில நான் மேல இருக்கணும்னு தெரியுமா தெரியாதா?"

"கம்பி யாருக்கு வேணும்?" என்றார் அண்ணன், ரேடியோவிடம். "கம்பியக் கழட்டினா நீ போயிடுவ. திங்கட்கிழமை தாண்டட்டும்னுதான் வச்சேன்."

தம்பி சட்டென்று எழுந்து உட்கார்ந்தான். வண்டியின் அடிப்பாகத்தில் தலை 'டங்'கென்று இடித்தது. "உன் அண்ணனைக் கேளு. உன்னைத் துரத்திவிட்டுட்டு நடையையும் அவர் எடுத்துக்கப் போறார்னுல்ல நான் நினைச்சேன்!"

"உன் தம்பிதான் நீ எப்போ போவன்னு காத்துக்கிட்டு இருக்கான்னு நான் நினைச்சேன்."

"நீ போயிட்டா," என்றான் தம்பி, தலையைத் தேய்த்துக்கொண்டே, "நான் எப்படிக்கா இவர்கிட்ட பேசறது?"

மெக்கானிக் டீ வாங்கி வருகிறேன் என்று நைசாக நழுவப் பார்த்தார். நான் விடவில்லை. சாட்சிக்கு ஒரு ஆள் வேண்டும் எனக்கு. ஏனென்றால் எனக்கு அழுகை வந்துவிட்டது. தனியாக அழுதால் இவர்கள் இரண்டு பேரும், அவளைச் சமாதானப்படுத்து என்று என்னிடமே சொல்லி அனுப்புவார்கள்.

"எத்தனை வருஷமா நான் பேசறதெல்லாம் நீங்க பேசினதுதான்," என்றேன். "குழாய் ஒழுகுது, கதவு முனகுது, கியர் ரெண்டு. ஒரு நாளாவது என் வாயில இருந்து என் பேச்சு வரணும். இன்னைக்கு மழை பெய்யும்னு நான் சொல்லணும். அது என் பேச்சா இருக்கணும். இதைவிட எனக்கு வேற எதுவும் வேண்டாம். இது கிடைக்கலன்னா நான் செத்தே போயிடுவேன்னு இல்ல. ஆனா உயிரோட இருக்கறதா எனக்கே தோணாது."

மெக்கானிக் மூக்கை உறிஞ்சினார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நட்ட வெட்டி எடுத்துடலாம்மா," என்றார். "ஆனா யார் நட்ட முதல்ல வெட்டறதுங்கிற பஞ்சாயத்து அப்படியேதான் இருக்கும்."

"நட்ட வெட்ட வேண்டாம்," என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தேன். "நடு யாருது?"

"உன்னுது."

தம்பியைப் பார்த்தேன். "நடு யாருது?"

"உன்னுதுதான்."

"கம்பிக்கு நடு உண்டா, இல்லையா?"

மெக்கானிக்குக்குத்தான் முதலில் புரிந்தது. இரும்பு அறுக்கிற கரண்ட் கட்டரை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் அதற்கு முன்னால் அதைத் தொட்டதே இல்லை. கோட்டுக்கு நேர் கீழே, கம்பியின் நட்டநடுவில் பிளேடை வைத்ததும் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. தங்கை போனால் போகட்டும், வெட்டு கோணலாக விழக்கூடாது அவருக்கு. "ஏய், கண்ணாடி போடு முதல்ல! முழங்கைய ஊனிக்கோ. அழுத்தாத, அது பாட்டுக்கு வெட்டும்." தம்பி ஓடிவந்து டார்ச்சைப் பிடித்தான். தீப்பொறி பறந்தது. கம்பி அறுந்த வேகத்தில் ஒரு பாதி மேலே எகிறியது, மறு பாதி கீழே இறங்கியது. வண்டி ஒரு பெருமூச்சு விட்டதை நான் காதால் கேட்டேன்.

அவரவர் பாதி அவரவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. யாருக்கும் நஷ்டம் இல்லை. தம்பி இரண்டு பாதியையும் டேப் வைத்து அளந்தான். சமமாகத்தான் இருந்தது. பிளேடு தின்ற இரும்புப் பொடி தரையில் கோட்டுக்கு நேராகக் கிடந்தது. அது உனக்கு என்றார் அண்ணன், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு. மெக்கானிக் இரண்டு துண்டும் கிளாம்பிலிருந்து நழுவாமல், சக்கரத்தோடு ஏறி இறங்க மட்டும் இடம் விட்டு, கனமான கம்பியால் அந்தந்தப் பக்கத்துச் சட்டத்தோடு கட்டிவிட்டு, இனிமேல் இந்த வண்டியை வேறு யாரிடமாவது காட்டுங்கள் என்று என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். பின்னால் என் கட்டில், இரண்டு பெட்டி, ஒரு அடுப்பு, அந்த டிவி மேஜை. ஓடையை அடைந்ததும் கியரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "ஒண்ணு," என்றார் அண்ணன். போட்டேன். அண்ணன் பக்கத்துச் சக்கரம் பாறையில் ஏறியது. தம்பி பக்கத்துச் சக்கரம் பள்ளத்தில் இறங்கி, தரையை விடாமல் பிடித்தது. வண்டி ஊர்ந்து ஊர்ந்து மேலே போனது. என் தலை ஒரு தடவை அண்ணன் தோளில் மோதியது, ஒரு தடவை தம்பி தோளில் மோதியது. மேஜையின் ஒரு கால் போனது. மற்றபடி ஒரு சேதமும் இல்லாமல் உச்சிக்கு வந்துவிட்டோம்.

பொறுப்பை ஒப்படைக்க வேண்டியவர் பெட்டியோடு வாசலில் காத்திருந்தார். மழைமானியைக் காட்டினார், காற்றுக்காட்டியைக் காட்டினார், வயர்லெஸ்ஸைக் காட்டினார், சாவியைக் கொடுத்தார். கீழே போக எங்கள் வண்டியிலேயே வருவதாக இருந்தார். அதற்குள் அண்ணன் என்னிடம், "உன் தம்பிகிட்ட சொல்லு, கட்டில அந்தப் பக்கம் சாய்ச்சுத் தூக்கணும்னு," என்றார். தம்பி கட்டிலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டே, "உன் அண்ணன்கிட்ட சொல்லு, சாய்ச்சுத்தான் தூக்கறேன்னு," என்றான். அந்த மனிதர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் நடந்தே போய்க்கிறேங்க, உடம்புக்கு நல்லது," என்று கிளம்பிவிட்டார்.

சாமான் இறக்கி முடிந்தது. அண்ணன் ஏறி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். தம்பி அந்தப் பக்கம் ஏறினான். நடுவில் இருந்த காலி இடத்தை இரண்டு பேரும் பார்த்தார்கள். அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது.

"கியர்?" என்றார் அண்ணன்.

ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அண்ணனுக்குக் கொடுத்தால் அவர் தனியாகவே ஓட்டிக்கொண்டு போவார். அப்புறம் இவர்கள் பேச வேண்டிய அவசியமே வராது. "கியர் தம்பிக்கு," என்றேன். "ஹேண்ட்பிரேக்கும் அவனுக்கு. இன்னையிலிருந்து அது அவன் பக்கத்துல ஒட்டியிருக்கு. மாமாகிட்ட சொல்லிட்டேன்."

"கிளச் என்கிட்ட இருக்கு, கியர் அவன்கிட்ட இருந்தா எப்படிம்மா?"

"எப்படியோ போங்க," என்று வண்டிக் கதவைச் சாத்தினேன்.

என் வாசலில் நின்று பார்த்தால் கீழே ஓடையும், அதற்கப்பால் ரோட்டின் கொண்டை ஊசி வளைவுகளும் தெளிவாகத் தெரியும். ஓடையை, வரும்போது நான் போட்டுவைத்த ஒண்ணாவது கியரிலேயே உறுமிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். தார் ரோட்டுக்கு வந்த பிறகும் அதே உறுமல். முதல் வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கம்பி இல்லாத வண்டி எப்படிச் சாயும் என்று மெக்கானிக் சொன்னது எனக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது. பள்ளத்தின் விளிம்பை ஒட்டி, இன்னும் கொஞ்சம் சாய்ந்தால் விழுந்துவிடும் போல ஆடி நின்றது. எஞ்சினும் அணைந்துவிட்டது.

போன் அடித்தது. தம்பி. "அக்கா, உன் அண்ணன்கிட்ட சொல்லு, கிளச்ச மிதிக்காம நான் எப்படி ரெண்டாவது போடறது?"

"பக்கத்துலதானே இருக்காரு."

அதற்குள் இன்னொரு அழைப்பு. அண்ணன். "பாப்பா, உன் தம்பிய ஹேண்ட்பிரேக்க இழுத்துப் பிடிக்கச் சொல்லு. கால் பிரேக் மட்டும் பத்தல, வண்டி பள்ளத்துப் பக்கம் உருளுது."

உருளத்தான் செய்தது. இங்கிருந்தே தெரிந்தது. சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது, அத்தனை வருஷப் பழக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு, "நான் டூட்டியில இருக்கேன்," என்று சொல்லி வைத்துவிட்டேன். அதைவிடக் கஷ்டமான காரியத்தை நான் வாழ்க்கையில் செய்ததில்லை.

வண்டி இன்னும் கொஞ்சம் உருண்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது நின்றிருந்தது. இரண்டு ஜன்னலிலிருந்தும் இரண்டு கைகள் வெளியே வந்து ஆடின. சண்டை போடுகிறார்கள். அது ரொம்ப நேரம் நடந்தது. காற்று எனக்கு எதிர்ப்பக்கமாக அடித்ததால் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. எந்தத் திசையிலிருந்து அடிக்கிறது என்று பார்த்து வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டியது என் முதல் வேலை, சொன்னேன். திரும்பி வந்து பார்த்தால் வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. இரண்டாவது வளைவில் மெதுவாக, ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்தது. மூன்றாவதிலும் அப்படியே. உறுமல் நின்றிருந்தது. ரெண்டாவது கியர் விழுந்துவிட்டது.

அதற்கப்புறம் போன் அடிக்கவே இல்லை. மத்தியானம் வரை கையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். இதற்குத்தானே ஆசைப்பட்டேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் மனசு கேட்கவில்லை. வீடு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. போய்ச் சேர்ந்தார்களா, சாப்பிட்டார்களா, ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று கோபம் கோபமாக வந்தது. சாயங்காலம் தாங்க முடியாமல் நானே அண்ணனுக்குப் போட்டேன். எடுக்கவில்லை. தம்பிக்குப் போட்டேன். ரொம்ப நேரம் அடித்த பிறகு எடுத்தான்.

"அக்கா, அப்புறம் கூப்பிடறேன்," என்றான். "அண்ணன் ஏதோ சொல்லிட்டிருக்காரு." வைத்துவிட்டான்.